கிண்ணங்களுக்கு நடுவே

திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறும்போதே
ஃபர்ஹீன் கேட்டுவிட்டாள்:
'இது பறக்கவே இல்லையே ஆன்ட்டி,
அப்புறம் ஏன் அந்தப் பேரு?'
தெரியவில்லை என்றேன்.
மதியத்துக்குள் பதினோரு முறை சொன்னேன் அதையே.

பக்கத்து வீட்டுப் பிள்ளை.
ராத்திரி படுக்கும் முன்
கவின்மதி சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள்,
அந்தப் பக்கமிருந்து ஒன்று வரும்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
எனக்குச் சொன்னதில்லை.

கோட்டூர்புரத்தில் இறங்கி, வெயிலில் நடந்து,
சீட்டு யார் கையில் என்ற சண்டை முடிந்து, உள்ளே.

முதல் பொத்தான் எரியவில்லை.
இரண்டாவதில் ஏதோ சுற்றி
யோசித்து
நின்றது.
மூன்றாவதில் ஓர் அட்டை.
தமரன் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.
ஐந்து வயது, எழுத்துக் கூட்டுகிறான்:
ப... ழு... து.
'அம்மா, இதுக்குப் பேரு பழுது. இது என்ன பண்ணும்?'
'ஒண்ணும் பண்ணாதுடா.'
'எப்படி ஒண்ணும் பண்ணாம இருக்கு?'
கண்ணாடியில் கன்னத்தை அழுத்தி
பழுது வேலை செய்வதைக்
கால்மணி நேரம் பார்த்தான்.

சைக்கிள் மிதித்தால் விளக்கு எரியும்.
ஃபர்ஹீனுக்கு மூன்று பல்பு.
நான்காவதற்குப் பல்லைக் கடிக்கிறாள்.
'நம்ம வீட்டு ஃபேனுக்கு யாரு மிதிக்கிறாங்க?'
எண்ணூர்ப் பக்கம் யாரோ என்று சமாளித்தேன்.
'பாவம், கால் வலிக்காதா?'

கூடத்தின் இரண்டு முனையிலும்
ஆளுயரக் கிண்ணங்கள்,
ஒன்றையொன்று பார்த்தபடி.
இதில் முணுமுணுத்தால் அதில் கேட்குமாம்.
நடுவே நீலச் சீருடையில் ஒரு பள்ளிக்கூடமே கத்துகிறது.
கவின்மதி அந்த முனைக்கு ஓடினாள்.
நான் இந்த முனையில், அவளுக்கு முதுகு காட்டி.

'அம்மா, கேக்குதா?'
காதுக்குள்ளேயே நிற்கிறாள்.
'கேக்குது.'
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
'அப்பா ஹவுஸ் ஓனர் கிட்ட பேசினத கேட்டேன்.
கூடுவாஞ்சேரிக்கா போறோம்?'

இரும்புக் கிண்ணம் என் வாயை எதிர்பார்க்கிறது.
இங்கிருந்து எதைச் சொன்னாலும்
சிந்தாமல் சிதறாமல்
முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும்.
'ஆமாம்' என்றேன்.
'ஃபர்ஹீனுக்குத் தெரியுமா?'
'தெரியாது.'
'நான் சொல்லிடவா?'

பதில் சொல்வதற்குள்
'நகருங்க ஆன்ட்டி, என் டர்ன்'
என்று முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டு
வியர்த்த முகத்தைக் கிண்ணத்தில் பொதித்தாள்.

நான் போய் நடுவில் நின்றேன்.
விதிப்படி
நடுவில் நிற்பவருக்கு எதுவும் கேட்காது.
இந்தப் பக்கம் ஒரு முதுகு,
அந்தப் பக்கம் ஒரு முதுகு,
பழுதானது போல அசையாமல்.
என் தலைக்கு மேலே ஏதோ போய் வந்துகொண்டிருந்தது.

திரும்பும் ரயிலில் எலுமிச்சை சாதத்தை
யாரும் தொடவில்லை, தமரனைத் தவிர.
மந்தைவெளி தாண்டியதும்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஃபர்ஹீன் கேட்டாள்:
'இந்த ரயில் கூடுவாஞ்சேரிக்குப் போகுமா ஆன்ட்டி?'

பன்னிரண்டாவது கேள்வி.
இதற்கு மட்டும் பதில் தெரிந்தது எனக்கு.
'போகாதும்மா.
பார்க் டவுனில் இறங்கி மாறணும்.'

'ஒரே ஒரு தடவைதானே?' என்றாள்.