நான்கு விரல் உயரம்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.
நானோ புல் நனைந்திருக்கிறதே என்று
ஒன்பதரை மணிவரை படலைத் திறக்காமல் நிற்கிறேன்.
உள்ளே அறுபத்திரண்டு வாய்கள் என்னைத் திட்டுகின்றன.

மன்னவனூர்ச் சரிவில் கார்த்திகைப் பனி
சீக்கிரம் எழுந்து போகிற விருந்தாளி இல்லை.
புல்நுனிக்கு ஒரு சொட்டு.
சொட்டுக்குள் ஏறி நிற்கிறது
கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழு,
ஒரு நாக்கு வரும் என்று.

நான்கு ஐப்பசிக்கு முன் இதெல்லாம் தெரியாது.
ஓடையோரம், பச்சை எங்கே அடர்த்தியோ அங்கேதான் விட்டேன்.
செவலைக்காதிக்குத் தாடைக்கடியில்
பை போல நீர் கோத்துத் தொங்கியது.
வசம்பு சுட்டுத் தேய்த்தேன்.
விடிந்தபோது கால் நீட்டிக் கிடந்தது.

கவுஞ்சி டாக்டரம்மா இரைப்பையைக் கீறிக் காட்டினார்.
நூல் நூலாக, சிவப்பும் வெள்ளையும் முறுக்கி,
பூம்பாறைத் தேரன்று மகளுக்கு வாங்கிய சடைக்கயிறு மாதிரி.
"சிவப்பு உங்க ஆட்டு ரத்தம்" என்றார்.
கையைக் கழுவப் போய்விட்டார்.

மருந்து ஊற்றினேன். எல்லாவற்றுக்கும், மாதம் தவறாமல்.
முதல் வருஷம் கேட்டது.
அப்புறம் புழு பழகிக்கொண்டது,
கடன்காரன் வசவுக்குப் பழகுவது போல.

இப்போது கீழிமையைக் கட்டைவிரலால் இறக்கிப் பார்க்கிறேன்.
மாதுளை முத்தா, நீ போ.
சுண்ணாம்புச் சுவரா, நில்,
மருந்து உனக்கு மட்டும்.

நான்கு விரலுக்குக் கீழே புல் இறங்கினால்
மந்தையை அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுவேன்.
புழு தரையோடு தரையாகத்தான் கூட்டம் கூடும்.
பூண்டு பிடுங்கிய காடு குட்டிகளுக்கு.
ஓடையோரப் பச்சைக்கு முள் அடைத்தாயிற்று.
கீழ்நாட்டு வெயிலென்றால் ஒன்றிரண்டு மாதத்தில் காய்ந்து சாகும்,
இந்தக் குளிரில் புழுவும்
நிதானமாக வயதாகிறது.

ஆட்டின் புழு வளர்ந்த மாட்டு வயிற்றில் பிழைக்காதாம்.
அதையும் டாக்டரம்மாதான் சொன்னார்.
மறுநாளே முள்ளடைப்பில்
ஒரு மாடு நுழையும் அகலத்துக்குச் சந்து விட்டேன்.

இருட்டியதும் வீரணன் வருகிறான்,
மூன்று மாட்டோடு, திருட்டு மேய்ச்சலுக்கு.
புல் நறநறவென்று அறுபடுவது கேட்கிறது.
நான் போர்வையை இழுத்துக்கொண்டு
தூங்குகிறவனாகக் கிடக்கிறேன்.
பாவம், எனக்குப் பயந்து
மாட்டு மணி நாக்கில்
துணி சுற்றிக் கொண்டுவருகிறான்.