குறை காணப்படவில்லை

வாங்கிய பதினேழாம் நாள்
தண்டவாளத்தின் மேல் நின்றுபோனது.
முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம்,
நடுவில் வெர்னா பிரிட்ஸ்லாஃப்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வருகிறவள்,
மடியில் பாதி தின்ற ரொட்டி.
ரயில் வரவில்லை.
வராத ரயிலுக்கு
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பட்டறையில் அது சாதுவாக இருந்தது.
சாவியைத் திருகினால் பூனையைப்போல உறுமியது.
கணினியைச் செருகிப் பார்த்தார்கள்,
தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள்:
குறை காணப்படவில்லை.

இரண்டாம் முறை விஸ்கான்சின் ஆற்றுப் பாலத்தில்.
பனி விழத் தொடங்கியிருந்தது.
விளக்கெல்லாம் அணைந்து, ஸ்டியரிங் கல்லாய் இறுகி,
பின்னால் வந்த மரலாரி அடித்த ஹாரனின் நீளம்
இன்னும் அவள் காதில் இருக்கிறது.
அதை எப்படிச் சொல்வது?
"நின்றுவிட்டது" என்றாள் ஒரு முறை.
"இழுவை இல்லை" என்றாள் மறுமுறை.
"பயமாக இருக்கிறது" என்றும் சொன்னாள்.
குறித்துக்கொள்ள வேண்டியவன்
அதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை.

குப்பைத்தொட்டிப் பக்கம் புகைக்க வந்த மெக்கானிக்
பாவ் லோர்
அவளைப் பார்க்காமல் சொன்னான்:
ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
வார்த்தை மாறினால் குறை மாறிவிடும்,
நான்கு குறை ஒவ்வொரு முறை என்று ஆகிவிடும்.
ஒரே குறை நான்கு முறை வேண்டும் உங்களுக்கு.
சட்டத்துக்கு எண்ணத் தெரியும், அம்மா.
கேட்கத் தெரியாது.
பாதி சிகரெட்டை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு
உள்ளே போனான்.

அந்தச் சட்டத்துக்கு அங்கே எலுமிச்சைச் சட்டம் என்று பெயர்.
நம் பக்கத்தில் புது வண்டிக்கு
சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து
நசுக்கிவிட்டுத்தான் தெருவில் இறக்குவோம்.
வெர்னாவுக்கு அது தெரியாது.
அவளுக்கு எலுமிச்சை என்றால் வண்டியேதான்:
சாம்பல் நீலம், முப்பத்தோராயிரம் டாலர்,
எழுபத்திரண்டு தவணை.
பழம் ஏறி நசுங்குகிற ஆள்
அவள்.

குளிர்பெட்டிக் கதவில் காந்தம் பிடித்த காலண்டரில்
வண்டி பட்டறையில் தூங்கிய நாட்களைச் சுழித்தாள்.
நவம்பரில் ஆறு. டிசம்பரில் பதினொன்று.
கொழுந்தனின் ஓட்டை வேனில் ஓசிச் சவாரி,
இரண்டு சம்பளப் பிடித்தம்,
ஒருநாள் நாலு மைல் நடை, மூக்கில் உறைந்த நீர்.
பிப்ரவரியும் சேர்ந்து இருபத்தொன்பது.
ஓராண்டுக்குள் முப்பது நாள் முடங்கினாலும்
சட்டம் கண் திறக்கும்.
இருபத்தொன்பதாம் நாள் மாலை போன் வந்தது:
வண்டி தயார், உடனே எடுத்துக்கொள்ளுங்கள்.
அவ்வளவு அவசரம்
அதற்குமுன் அவர்கள் காட்டியதில்லை.

கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்தாள்,
நாயிடம் சொல்லிப் பார்த்தாள்.
நான்காம் முறை கவுண்டரில் நின்று,
மேலாளர் சிரித்தபோதும்,
காபி தந்தபோதும்,
வேறு வண்டியில் தள்ளுபடி என்றபோதும்,
அதையே சொன்னாள்:
ஓடும்போது எஞ்சின் அணைகிறது.
ஓடும்போது எஞ்சின் அணைகிறது.

அந்த முறை தாளில் அச்சுக்குக் கீழே
நீலப் பேனாவில் கோணல் எழுத்து:
நானே ஓட்டினேன். பதினான்காம் மைலில் அணைந்தது.
பின்னால் பள்ளிப் பேருந்து.
பா. லோர்.

பணம் வர மே மாதம் ஆனது.
ஓட்டிய மைலுக்கென்று ஒரு தொகை கழித்துக்கொண்டார்கள்,
தண்டவாளத்தில் நின்ற நிமிடங்களுக்கு
யாரும் எதுவும் கூட்டவில்லை.
திருப்பி எடுத்த வண்டியின் பத்திரத்தில் முத்திரை குத்துவார்களாம்.
அது எல்லை தாண்டி எங்கோ விற்கப்படும்.
முத்திரையைப் படிக்காமலே
யாரோ வாங்கவும் கூடும்.

சாவியைக் கொடுக்குமுன்
சுழித்த காலண்டர் தாள்களை மடித்து
வெயில்மறைப்புக்குப் பின்னால் செருகினாள்.
ஓரத்தில் அந்த ஒரே வாக்கியம்.
கீழே: இப்படியே சொல்லுங்கள், மாற்றாமல்.

ஒரு பையன் வந்து ஓட்டிப் போனான்.
வளைவு தாண்டி, விளக்கு தாண்டி,
தண்டவாளமும் தாண்டி
ஒருமுறைகூட இருமாமல் போனது.