பரிசுத்தாள்

பாயான் லெப்பாஸ் பேக்டரியில்
இரவு ஷிப்ட் முடித்து
பாலம் தாண்டி நேராக
பட்டர்வொர்த்துக்கு வந்துவிடுவார் விமலேஸ்வரி.
கண் எரியுது என்பார்,
உட்கார மாட்டார்.

பூஞ்சை துடைப்பார், முதுகு ஒட்டுவார்,
பல்லி முட்டையை மட்டும்
கிராப் ஓட்டும் குணாளன் வந்து எடுக்கவேண்டும்.
கடைசிப் பக்கம் போன கதைகளுக்கு
இருவரும் சண்டைபோட்டு ஒரு முடிவு தேடி
பென்சிலில் எழுதி வைப்பார்கள்.
அதில் இரண்டு, அசலைவிட நன்றாக இருக்கிறது.

நன்றி சொல்லும் நாளுக்கு
நான்கு பக்க உரை வைத்திருந்தேன்.
"அளப்பரிய" என்று தொடங்கும்போதே
தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டது.
உதடு மட்டும் அசைந்திருக்கும்.

பிள்ளைகள் ஆளுக்கொரு குவளை கொடுத்தார்கள்
நீலப் பூப்போட்ட தாளில் சுற்றி.
ஒட்டுநாடாவை நகத்தால் நெம்பி
கிழியாமல் உரித்தார் விமலேஸ்வரி.
குணாளனுடையதையும் பிடுங்கிக்கொண்டார்.
நாலாய் மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான்
குவளையைப் பார்த்தார்.

அடுத்த புதன்
அட்டை போன அகராதி
நீலப் பூக்களோடு நின்றது.
இரண்டாம் ஆண்டு தர்ஷினா
எடுத்து மோந்து பார்த்தாள்.
"டீச்சர், இது புதுசா?"

ஆமாம் என்று
தேதி முத்திரை குத்தினேன்.