இரண்டு மணி நேரம்தான்

ஹோக்ஸ்ட்ராவை நான் பார்த்ததில்லை.
மூன்று வருடமாக அவன் எனக்கு
ஓர் இருமல்,
வைப்பர் தேய்க்கும் சத்தம்,
திரையில் ஊரும் நீலப் புள்ளி.
நான் அவனுக்கு யாரென்று தெரியாது.
சட்டனூகாவில், நாலாவது மாடியில்,
வாடகைக்கும் கமிஷனுக்கும் நடுவே உட்கார்ந்து
நாளுக்கு எண்பது பேரிடம் பேசும்
ஏதோ ஒரு குரலாக இருக்கலாம்.
நம்பக் கூடாத குரலாகவும் இருக்கலாம்.

முதல் பொய் எடையில்.
நாற்பதாயிரம் பவுண்டு என்றேன்.
சரக்குக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள்,
எனக்கும் அப்படியே கேட்டுக்கொள்ள வசதியாக இருந்தது.
எடைமேடை நாற்பத்தாறு என்றது.
போனில் சீட்டை வாசித்தான்,
எண்களை மட்டும், ஒவ்வொன்றாக,
மளிகைக் கணக்கு ஒப்பிப்பதுபோல.
திட்டவில்லை.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அப்புறம் கிராண்ட் ஐலண்டில் அந்தக் கிடங்கு.
"எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள்?"
"இரண்டு மணி நேரம்தான்."
எங்கள் அலுவலகத்தில் அந்தக் கிடங்குக்குப் பெயர்
கல்லறை.
பதினோரு மணி நேரம் கிடந்தான்.
காத்திருப்புக் காசு கேட்டு
மூன்று கடிதம் போட்டேன் என்றேன் அவனிடம்.
போட்டது ஒன்று.

அவனும் சளைத்தவனில்லை.
"நாற்பது நிமிடத்தில் அங்கே இருப்பேன்" என்பான்.
நீலப் புள்ளி ஏதோ பான்கேக் கடைக்குப் பின்னால்
அசையாமல் நிற்கும்.
நான் பார்க்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும்.
"சரி" என்பேன்.
அந்தச் சரியை வைத்தே
மூன்று வருடம் ஓட்டினோம்.

பிப்ரவரி. ஐடஹோவிலிருந்து
உறையவைத்த உருளைக்கிழங்குக் கீற்று.
வயோமிங்கில் காற்று.
ராலின்ஸ் தாண்டி, எல்க் மலைப் பக்கம்,
முதலில் காலி வண்டிகளைப் படுக்கவைத்தது,
பிறகு பாரம் ஏற்றியவற்றையும்.
சாலையை இன்னும் மூடவில்லை.
மூடியிருந்தால் யார் மேலும் பழியில்லை.

"நிறுத்திவிட்டேன்" என்றான்.
"வண்டியில் கோளாறா?"
அது கேள்வியில்லை.
அவன் உட்கார நான் நகர்த்திய நாற்காலி.
உட்காரவில்லை.
"வண்டி நன்றாக இருக்கிறது."
அவனுக்குப் பின்னால் ஒரு தகரம்
அடித்துக்கொண்டே இருந்தது.
"டீசல் உறைந்துவிட்டது என்று
நான் சொல்லிக்கொள்கிறேன், விடு."
"ரொண்டா."
பெயர் சொல்லிக் கூப்பிட்டது
அதுதான் முதல்முறை.
"எனக்காகவும் பொய் சொல்லாதே.
முன்னால் போனவன் சாய்ந்ததைப் பார்த்தேன்.
பயந்துவிட்டேன். அப்படியே சொல்."

பத்தொன்பது வருடத் தொழிலில்
தாமதத்துக்கு எழுதியிருக்கிறேன்:
பழுது, நெரிசல், பனி,
ஒருமுறை மான்.
அந்தச் சொல்லை எழுத
படிவத்தில் இடமே இல்லை.
"டிரைவர் பயந்துவிட்டார்" என்றேன்.
மறுமுனையில் அந்தப் பெண்
தட்டச்சு செய்வதை நிறுத்தியது கேட்டது.
பிறகு தட்டினாள்.
"நானூறு டாலர் பிடித்துக்கொள்வோம்."
பழுது என்றிருந்தால்
இருநூறோடு போயிருக்கும்.

பாதியை என் கணக்கில் எழுதினேன்.
அவனிடம் சொல்லவில்லை.
சொல்லாமல் விட்டதை
எந்தக் கணக்கில் எழுதுவது
என்று தெரியவில்லை.

மார்ச்சில் கூப்பிட்டேன்.
கிராண்ட் ஐலண்ட், அதே கிடங்கு.
"எவ்வளவு நேரம்?"
"பத்து மணி. கூடவும் ஆகலாம்.
அவர்கள் எனக்குத் தருவது இரண்டாயிரத்து நானூறு,
உனக்கு இரண்டாயிரத்து அறுபது."
இருமினான்.
வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.
"நல்லது" என்றான். "அந்த லோடு எனக்கு வேண்டாம்."
கோபமில்லை குரலில்.
கடையில் விலை கேட்டு
சட்டையைத் திரும்ப மடித்து வைப்பவன்போல
வைத்தான்.

லோடு லோடாகவே இருந்தது.
பட்டியலில் அடுத்த எண்.
இளம் குரல், டென்வரில் காலியாக நிற்கிறானாம்,
தவணை கட்ட வேண்டுமாம்.
"எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள், மேடம்?"

வாயில்
"இரண்டு"
வரை வந்துவிட்டது.