சொல்லும் விலை

சமையலறை மேசையில் மஞ்சள் தாள்.
ஆர்வில் எழுதியது பன்னிரண்டாயிரம்.
அதற்குக் கீழே நான் எழுதியது எட்டு.
நடுவில் காபிக் கோப்பை விட்டுப்போன வட்டம்,
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பூஜ்யம்.

மைனாட் நகரத்தில் புதிதாக வாங்கியபோது
இருபத்தோராயிரம் டாலர்.
கடை வாசலைத் தாண்டுவதற்குள்
ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்றார்கள்.
தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன்.
சாலையில் எதுவும் விழுந்து கிடக்கவில்லை.

விலைப் புத்தகம் 'சராசரி நிலை' என்கிறது.
சராசரி நிலையில் இங்கே யார் இருக்கிறார்கள்?
ஆர்வில் கூட்டுகிறார்:
புது பேட்டரி, இரண்டு நிறைந்த காஸ் சிலிண்டர்,
தன் கையால் தைத்துப் போட்ட வெயில்மறைப்பு.
மொன்டானா மலைகளில் ஏறி இறங்கிய பிரேக்கை
அவர் அனுபவம் என்று கூட்டினார்,
நான் தேய்மானம் என்று கழித்தேன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம்:
2016, இருபத்திரண்டாம் வாரம்.
பளபளக்கிறது. ஓடாமலே கிழமாகிவிட்டது.
குளிர்பெட்டி காஸில் ஓடும், கரண்டில் ஓடாது.
ஆலங்கட்டி விழுந்த பள்ளங்களை
நாற்பது வரை எண்ணி நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம்
கதவோரம், கம்பளத்துக்கு அடியில், அந்த இடம்.
குதிகாலை வைத்தால்
ரொட்டியை மிதித்ததுபோல் ஒரு அமுங்கல்.
முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம்,
நனைந்த பலகையைக் கால் காட்டிக்கொடுத்துவிடும்.
"கேட்டால் சொல்லலாம்" என்றார்.
"கேட்காவிட்டால்?"
பேனாவை மூடி வைத்தார்.

இதே வண்டி பிஸ்மார்க்கில்
பதினொன்று தொள்ளாயிரத்துக்கு
வசந்தத்திலிருந்து நின்றுகொண்டிருக்கிறது.
டிக்கின்சனில் ஏழாயிரத்துக்கு இரண்டே நாளில் போனது.
"அடிமாட்டு விலை" என்றார் ஆர்வில்.
நம்முடையது இரண்டு நாளில் போனாலும் தூக்கம் வராது,
இரண்டு மாதம் நின்றாலும் வராது.
ஒன்பதாயிரத்து நானூறு என்று அட்டையில் எழுதினோம்.
அந்த நானூறு விட்டுக்கொடுப்பதற்கு.

சனிக்கிழமை ரெனாட்டா வந்தாள்,
எண்ணெய்க் கிணற்று முகாமில் சமையல் வேலை.
நான் துவைத்து மாட்டிய திரைச்சீலைகளை
அவள் பார்க்கவே இல்லை.
ரப்பர் பாயை விரித்து, டார்ச்சோடு
வண்டிக்கு அடியில் போனாள்.
வெகுநேரம் அவளுடைய பூட்ஸ் மட்டுமே தெரிந்தது.
பையன் மேல்படுக்கையில் நீட்டிப் படுத்து
தன்னையே அளவுகோலாக்கி அளந்தான்.
"அடுத்த வருஷம் பத்தாது."
"அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்ப்போம்."

எந்தெந்த ஊருக்குப் போவதாக இருக்கிறீர்கள் என்றேன்.
"எங்கேயும் இல்லை.
ஜனவரியை இதில்தான் தாண்டணும்."

இங்கே ஜனவரி என்றால் மைனஸ் முப்பது.
மஞ்சள் தாளில் நாங்கள் போட்டதெல்லாம்
ஜூலை மாதத்துக் கணக்கு.
ஏரிக்கரை, மடக்கு நாற்காலி, மூன்று இரவு.
குழாய் உறைவதை எந்தப் பத்தியில் எழுதுவது?

கம்பளத்தை நானே இழுத்தேன்.
"இந்த இடம் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்."
"கீழேயிருந்து பார்த்துவிட்டேன்" என்றாள்.
"நீங்கள் நினைப்பதைவிட இரண்டடி பெரிசு."

ஆர்வில் கூரையைப் பார்த்தார்.
அவள் ஆறு எண்ணூறு என்றாள்.
ஏழாயிரத்தை அடிமாட்டு விலை என்ற மனிதர்
தலையாட்டிவிட்டு,
கராஜிலிருந்து குழாய்க்குச் சுற்றும் வெப்பநாடாவைக்
கொண்டுவந்து கொடுத்தார்.
அதற்கு விலை சொல்லவில்லை.

நியாயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
எங்களுக்கா, அவளுக்கா என்பதும் தெரியாது.

கம்பளம் மட்டும் வேண்டாம் என்றாள்.
இப்போது எங்கள் சமையலறையில் கிடக்கிறது.
தாண்டும்போதெல்லாம் என் குதிகால்
தானாக ஒருமுறை அழுத்திப் பார்க்கிறது.
தரை கெட்டியாகத்தான் இருக்கிறது.