எழுத்துக்குக் கூலி

தெல்பிக் கோயிலின் தாங்குசுவரில்
கற்கள் ஆமையோடு போல வளைந்து நெளிந்து பொருந்தியிருக்கும்.
அந்த இடுக்குகளைத் தாண்டித் தாண்டி
நான் விடுதலை வெட்டுகிறேன்.
கூலி, எழுத்துக்கு இவ்வளவென்று.
ஆகையால் எனக்கு நீளமான பெயர்கள் பிடிக்கும்.

இன்றைக்கு வந்த ஓலம் இது:
ஆர்க்கிதாமஸ் மகன் பிராக்ஸியாஸ்
ஸ்மிகா என்னும் பெண்ணுடலை
அப்பொல்லோவுக்கு விற்றான், நான்கு மினாவுக்கு.
பெண்ணுடல்.
சட்டத்தின் வாயில் அதற்கு வேறு சொல் இல்லை.

அடிமைக்கு ஒப்பந்தம் போடும் கை கிடையாது.
பையில் பணமிருந்தாலும் பை அவளுடையதில்லை.
அதனால் கடவுள் வாங்குவார்.
வாங்கி என்ன செய்வார்?
ஒன்றும் செய்யமாட்டார்.
அதுதான் விடுதலை.

நான்கு மினா என்பது
பதினோரு வருஷம் ராத்திரியில் நூற்ற கம்பளி,
விழாவுக்கு வந்தவர்களின் கால் கழுவிய காசு,
ஒற்றை வெள்ளிக் காதணி.
அதன் ஜோடி எங்கே என்று சொல்லமாட்டாள்.

மூன்று வரியில் விடுபட்டாள்.
பிறகு ஓர் 'ஆனால்'.

ஆனால், பிராக்ஸியாஸ் உயிரோடிருக்கும் வரை
அவனோடே இருக்க வேண்டும்.
ஏவியதைச் செய்ய வேண்டும்.
செய்யாவிட்டால் அடிக்கலாம், விற்கக் கூடாது.
செத்தால் அடக்கம் செய்து மாதாமாதம் மாலை சூட்ட வேண்டும்.
இரண்டு வயதுப் பிள்ளையொன்றைப் பெற்று
அவன் மகளுக்குத் தர வேண்டும்;
இல்லையேல் இருநூறு திராக்மா.

பதினான்கு வரி வந்தது.
ஒளிப்பானேன், அன்று மாலை நல்ல மீன் வாங்கினேன்.
விடுதலை எனக்கு வெறும் கஞ்சி.
'ஆனால்' தான் மீன்.

மறுநாள் கஸ்தாலியாச் சுனைக்குப் போகிற வழியில்
குடத்தோடு வந்து நின்றாள்.
"இதில் நான் எங்கே?"
காட்டினேன். ஐந்தெழுத்து.
சின்னவள் என்று அர்த்தம்;
ஏதோ ஒரு எஜமானன் சந்தையில் வைத்தது.
எழுத்தின் சிவப்புச் சாயம் காயவில்லை.
விரலை வைத்தாள், ஒட்டிக்கொண்டது.

"இவ்வளவு சின்னதா? கீழே என்ன, இத்தனை நீளமாய்?"

படித்துக் காட்டினேன். பிள்ளை இருந்த வரியை
வேகமாய் படித்தேன்.
அவள் வேகமாய்க் கேட்கவில்லை.

"மழை பட்டால் அழியுமா?"
"சுவர் மறைவில் இருக்கிறது. அழியாது.
நான் ஆழமாய் வெட்டுகிறவன்."
பெருமையாய்ச் சொன்னேன்.
சொன்ன பிறகு வாயைக் கழுவலாம் போலிருந்தது.

பிராக்ஸியாஸுக்கு எழுபதாகிறது.
குளிர்காலம் முழுக்க இருமுகிறான்,
வெயில் வந்ததும் எழுந்து ஒலிவப் பழம் எண்ணுகிறான்.
மலைச்சரிவில் குடம் ஏறுவதும் இறங்குவதும்
என் உளிச்சத்தத்துக்குத் தாளம் போட்டது, நான்கு வருஷம்.
வயிறு ஒருமுறை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.
நான் கேட்கவில்லை.

நேற்று குடத்தைக் கீழே வைத்தாள்.
"திரேஸில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.
அதை வெட்ட எவ்வளவு ஆகும்?"

"சொல், எழுத்தை எண்ணிச் சொல்கிறேன்."

சொன்னாள்.
தொண்டைக்குள் எங்கோ தொடங்கி
பல்லில் உரசி
மூச்சாக முடிகிற ஒன்று.
கல்தூள் படிந்த தரையில் விரலால் எழுதிப் பார்த்தேன்.
"இல்லை" என்றாள்.
இன்னொரு விதமாக. "அதுவும் இல்லை."
சிரித்தாள். நான்கு வருஷத்தில் முதல்முறையாக அவள் பல்லைப் பார்த்தேன்.

இருபத்து நான்கு எழுத்து இருக்கிறது எங்களிடம்.
கடவுளுக்குப் போதும், கடனுக்குப் போதும்.

அவள் இறங்கிப் போய்விட்டாள்.
வாயில் அந்தச் சத்தத்தை உருட்டிக்கொண்டு
உளியோடு நிற்கிறேன்,
முதல் கோட்டை எந்தப் பக்கம் இழுப்பதென்று தெரியாமல்.