விசை

நாளைக்கு மெட்ரிக் இயற்பியல். இன்றைக்குப் பார்த்து
சாட்ஸ்வொர்த் முழுக்கக் கரண்ட் இல்லை.
பிக்கப்பைத் திருப்பி
அடுக்களை ஜன்னலுக்கு நேரே நிறுத்தி
ஹெட்லைட்டைப் போட்டுவிட்டேன்.

பழைய வினாத்தாளை நான் வாசிக்க,
"அது நியூட்ரான் இல்லப்பா, நியூட்டன்"
என்று சிரித்தாள் திரோஷா.
ஏழாம் வகுப்போடு நின்றவன் நான்;
விடை சரியா என்று
அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
சலோஷ்னி டீ போட்டாள்,
கேஸ் தீரும்வரை.

காலையில் சாவியைத் திருப்பினால்
வண்டி இருமக்கூட இல்லை.
பேட்டரி மொத்தத்தையும் படித்துத் தீர்த்திருக்கிறாள்.

சரிவுவரை தள்ளினார்கள்,
ஒருத்தி யூனிஃபார்மில், ஒருத்தி நைட்டியில்.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
மூச்சிரைக்க முணுமுணுக்கிறாள்,
நிறை கூடினால் முடுக்கம்…

எஞ்சின் பிடித்தது.
"நிறுத்தாதீங்கப்பா!"
ஓடி வந்து
பின்தட்டில் தொற்றி ஏறினாள்.